ஓட்டு வீடும் பின்கட்டும்

திண்டுக்கல் மாவட்டத்துக் குஜிலியம்பாறையிலும் பாளையத்திலும் கடைவீதியை விட்டு உள்தெருவுக்குள் நுழைந்தால், பழைய வீடுகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தெருவைப் பார்த்த திண்ணை, ஓர் ஆள் நுழையும் நடை, நடுவில் கூடம், ஒரு பக்கம் அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் கொல்லை. சுவர் ஒன்றரை அடி, சில வீடுகளில் இரண்டடி. பனஞ்சட்டத்தின்மேல் நாட்டு ஓடு வேய்ந்திருப்பார்கள். கொஞ்சம் வசதி இருந்தவர்கள் வீட்டில் சீமை ஓடு. மனையின் அகலம் குறைவு, நீளம் அதிகம்.

இந்த வீடுகளில் கை வைக்கும் நேரம், குடும்பத்தில் ஏதாவது மாறும்போதுதான் வருகிறது. மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். வரும் மருமகளுக்குத் தனியறை வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை. கொல்லைக் கடைசியில் இருக்கும் கழிப்பறைக்கு ராத்திரியில் நடக்க முடியாது. கல்யாண நாள் நெருங்குகிற அவசரத்தில் இரண்டே யோசனைதான் தோன்றும். முழுதாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது ஒன்று. ஓட்டைப் பிரித்துவிட்டு அதே சுவர்மேல் கான்கிரீட் தளம் போடுவது இன்னொன்று. முதலாவது கைக்காசை மீறும். இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

நான் சொல்வது மூன்றாவது வழி. முன்கட்டைப் பழுது பார்த்து, ஓட்டுக் கூரையோடு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய புது அறைகளைக் கொல்லைப் பக்கத்தில், பழைய சுவரில் துளியும் சாயாத தனிக்கட்டாக எடுங்கள்.

ஒன்றரை அடிச் சுவர் எதைத் தாங்கும்

"ஒன்றரை அடிச் சுவருண்ணே, ரெண்டு மாடி ஏத்தலாம்" என்று கொத்தனார் சொல்வார். நல்ல வேலைக்காரராகவே இருப்பார். ஆனாலும் இதில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். பழைய சுவரின் கனம் அதன் பலத்தைக் காட்டாது. உள்புறம் ஒரு வரிசை, வெளிப்புறம் ஒரு வரிசை என்று கல்லோ செங்கல்லோ வைத்து, நடுவில் மண்ணும் உடைகல்லும் போட்டு நிரப்பிய சுவர் அது. பல வீடுகளில் சாந்து என்பதே குழைத்த செம்மண்தான்; மேல்பூச்சு மட்டும் சுண்ணாம்பு.

கணக்கைப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, 120 சதுர அடி. சீமை ஓடும் சட்டமும் ரீப்பரும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ. அறை முழுக்க முக்கால் டன் வரும். அதே அறைக்கு ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் போட்டால் தளம் மட்டும் மூன்றரை டன். அதன்மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்பும் தட்டோடும் பதித்தால் ஐந்து டன்னைத் தாண்டும். இன்னும் கைப்பிடிச் சுவர் இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. முக்கால் டன்னுக்கு நிறுத்திய மண்கட்டுச் சுவரின்மேல் ஏழு மடங்கு பாரத்தை ஏற்றுகிறோம். வெயில் காலத்தில் அது நிற்கும். ஐப்பசி அடைமழையில் அடிச்சுவரின் மண் ஊறும்போதுதான் பிளக்கும்.

ஓட்டைக் கழற்ற மனமிருந்தாலும் இன்னொரு காரணத்துக்காகத் தயங்குங்கள். மேற்கே கொடைக்கானல் மலை மறைப்பதால் தென்மேற்குப் பருவத்தில் இந்தச் சமவெளிக்கு மழையை விடக் காற்றுதான் அதிகம் கிடைக்கிறது. வெக்கையைத் தணிக்கும் மழை குறைவு என்பதால் வீட்டின் குளிர்ச்சி முக்கியம். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக் கூடத்தில் பகலில் படுத்துத் தூங்கலாம். வெறும் கான்கிரீட் தளத்தின்கீழ் முன்னிரவு வரை அனல் இறங்கும்.

கடப்பாரைக்கு முன் காகிதம்

பழைய மனைகளில் பத்திரத்தில் இருக்கும் அளவும் தரையில் இருக்கும் அளவும் சரியாகப் பொருந்துவது அபூர்வம். தாத்தா காலத்துப் பத்திரம் நான்கெல்லையைச் சொல்லும், அடிக்கணக்கைச் சொல்லாது. பாகப்பிரிவினையில் கூடம் அண்ணனுக்கும் அடுப்படி தம்பிக்கும் போயிருக்கும். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே கிடக்கும். வில்லங்கச் சான்று எடுங்கள். நத்தம் பட்டாவையும் புல வரைபடத்தையும் ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர் பொதுச் சுவரா, யாருடையது என்பதை, முடிந்தால் அவர்களையும் வைத்துக்கொண்டு எழுதி வையுங்கள். இறவாரத் தண்ணீர் யார் மனையில் விழலாம் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். புதுச்சுவர் எழும்பிய பிறகு வரும் இந்தப் பேச்சு நல்ல உறவுகளைக் கெடுத்திருக்கிறது.

அனுமதியை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பேரூராட்சிக்கும் ஊராட்சிக்கும் பொருந்தும். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதற்குமேல் ஒரு மாடியோ கட்டும் குடியிருப்புக்கு இணைய வழியில் உடனடியாக அனுமதி பெறலாம். வரைபடத்தில் புது அறையை மட்டும் காட்டாமல், நிற்கிற பழைய வீட்டின் பரப்பையும் சேர்த்துக் காட்டுங்கள். பின்னால் வங்கிக் கடனுக்குப் போகும்போது இந்த ஒரு காகிதம் பெரிய உதவி.

வீட்டைப் படித்தல்

வேலைக்கு ஆள் வைக்கும் முன் ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டைக் கவனித்துவிட முடிந்தால் அதுவே சிறந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்களுக்கு அந்த அவகாசம் இருக்காது. மற்றவர்கள் கட்டாயம் செய்யுங்கள்.

விரிசலில் இருந்து தொடங்குங்கள். பூச்சில் மயிரிழையாக ஓடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். சன்னல் மூலையிலிருந்து படிப்படியாக ஏறும் விரிசலும், இரண்டு சுவர் சேரும் மூலையில் மேலே அகன்று கீழே ஒடுங்கும் விரிசலும் அஸ்திவாரம் இறங்கியதைக் காட்டுபவை. அதன் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட்டால் ஒட்டி, தேதி எழுதி விடுங்கள். மழை முடிந்தும் கண்ணாடி உடையாமல் இருந்தால் அது பழைய, அடங்கிப்போன விரிசல், அடைத்தால் போதும். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. பொறியாளரைக் கூப்பிடாமல் அதில் கை வைக்கக் கூடாது.

அடுத்தது ஈரம். சுவரின் அடியில் இரண்டு மூன்றடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். இதற்குப் பல வீடுகளில் காரணம் தெருதான். சாலையைச் சுரண்டாமல் அடுக்கடுக்காகத் தார் போட்டதில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணை இன்று தெரு மட்டத்தில் நிற்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் சாலைப்பணி வரும்போது அதை எடுத்துச் சொல்லி மனுக் கொடுங்கள். ஏற்கெனவே உயர்ந்துவிட்ட தெருவாக இருந்தால், வாசலுக்கு முன் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் வெட்டிக் கல்மூடி போட்டு, மழைத்தண்ணீர் திண்ணைச் சுவரைத் தொடாமல் திருப்பிவிட வேண்டும். வீட்டுக்குள் மண் கொட்டித் தரையை உயர்த்துவது கடைசி வழி. நிலை உயரம் குறைந்து, குனிந்து போகும் வாசலாகிவிடும்.

மூன்றாவது மரம். கூரைச் சட்டங்களின் நடுப்பகுதி பார்க்க நன்றாகவே இருக்கும். அழுகுவது சுவருக்குள் புதைந்த முனைதான். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு முனையிலும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனை குத்தை உள்ளே விடாது. கரையான் தின்ற மரத்தில் திருப்புளி இறங்கும். தட்டினால் பொக்கென்று கேட்கும்.

முன்கட்டுப் பழுது

கூரை வேலை முதலில். மேலே ஒழுகும் வரை கீழே செய்யும் எந்தப் பூச்சும் வீண். சித்திரை, வைகாசியில் ஓட்டைப் பிரித்து அடுக்கி, ஆடிக்காற்று எழும்புவதற்குள் திரும்ப வேய்ந்துவிட வேண்டும். நாட்டு ஓடு வேயத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. ஆள் கிடைக்காவிட்டால் சீமை ஓட்டுக்கு மாறலாம். 100 சதுர அடிக்கு 140 முதல் 150 ஓடு பிடிக்கும். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய ஓடு அது. பழையது கிடைத்தால் வாங்குங்கள். சுண்டினால் கணீரென்று ஒலிப்பதை எடுங்கள், மந்தமாக ஒலிப்பதைத் தள்ளுங்கள்.

முனை அழுகிய சட்டத்தை முழுதாகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அழுகிய அளவை அறுத்துவிட்டு இருபுறமும் பலகை அணைத்துப் போல்ட் போட்டு ஆசாரி ஒட்டுப்போடுவார். திரும்பச் சுவரில் உட்கார வைக்கும்போது முனையைச் சுற்றி விரலளவு இடைவெளி விடச் சொல்லுங்கள். காற்றுப் பட்டால் மரம் பிழைக்கும். பனஞ்சட்டத்தை விறகுக்குப் போடாதீர்கள். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்த பிறகு, பழைய வைரப் பனைக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. கரையானுக்கு மருந்தடிக்கப் பழகிய ஆளை வையுங்கள். கிணற்றோரமும் குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும் மருந்து விழவே கூடாது.

இப்போது சுவர். இந்த ஊர்ப்பக்கத்தில் கரிக்காலியிலேயே செட்டிநாடு சிமெண்ட் ஆலை இருக்கிறது. சிமெண்ட் கைக்கெட்டும் பொருள் என்பதால் சுவரில் எது வந்தாலும் சிமெண்ட் பூச்சுத்தான் மருந்து என்ற பழக்கம் வந்துவிட்டது. மண்கட்டுச் சுவருக்கு அது மருந்தாகாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் மண்ணும் சுண்ணாம்பும் உள்ள சுவரில் இயல்பாக வெளியேறி உலர்ந்துவிடும். சிமெண்ட் பூச்சு அதை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்துக்கு மேல் உப்பைத் தள்ளும். மூன்றடியில் இருந்த கறை ஐந்தடிக்குப் போன வீடுகள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

செய்ய வேண்டியது இது. கறைக்கு மேல் ஓரடி வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுங்கள். வரிக்குழிகளை அரை அங்குலம் சுரண்டிக் கழுவி, ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்று கலந்து இரண்டு தடவையாகப் பூசுங்கள். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்ப்பது பழைய முறை. கைதேர்ந்த ஆள் கிடைத்தால் சேருங்கள், இல்லாவிட்டாலும் சுண்ணாம்புப் பூச்சு நிற்கும். அது இறுக நாளாகும், அவசரப்படுத்தக் கூடாது. மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் மீண்டும் அடைப்புத்தான். சுண்ணாம்பு வேலை செய்யும் கொத்தனார் உள்ளூரில் கிடைக்காவிட்டால் காரைக்குடிப் பக்கம் விசாரியுங்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பழுதுபார்ப்பதால் அங்கே அந்தக் கைப்பழக்கம் இன்னும் இருக்கிறது.

பழைய சுவரில் புது வாசல் திறப்பதானால் பாதிக் கனம் பாதிக் கனமாக வேலை செய்ய வேண்டும். மேலே உள்ள சட்டங்களுக்கு முதலில் முட்டுக் கொடுங்கள். சுவரின் ஒரு பக்கப் பாதியைக் குடைந்து ஒரு லிண்டலை வையுங்கள். அது இறுகிய பின் மறுபக்கத்தைக் குடைந்து இரண்டாவதை வையுங்கள். அதன் பிறகுதான் கீழே உடைப்பது. மண்கட்டுச் சுவரில் லிண்டல் இருபக்கமும் ஓரடியாவது சுவருக்குள் உட்கார வேண்டும். ஒரே நாளில் உடைத்துத் தருகிறேன் என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பின்கட்டு

இங்கே என் முக்கியமான யோசனை, பழைய வீட்டுக்கும் புதுக்கட்டுக்கும் நடுவில் நான்கடி வெளியை விடுவது. இடம் வீணாகிறதே என்று எல்லோருக்கும் தோன்றும். அந்த நான்கடி இல்லாவிட்டால் அடுப்படிக்கு வெளிச்சம் போய்விடும். கூடத்தில் காற்று நின்றுவிடும். ஓட்டின் பின்பக்கத் தண்ணீர் முழுதும் புதுச்சுவரின் தலையில் விழும். வெளியை விட்டால் அதுவே ஒரு சிறு முற்றம். நடுவில் மூன்றடி அகலத்துக்குக் கூரை போட்ட நடை ஒன்று இரண்டு கட்டையும் சேர்க்கட்டும். மழைக்கு நனையாமல் போகலாம். துணி காயும், பாத்திரம் கழுவலாம், பெரியவர்கள் வெயில் தாழ உட்காரலாம்.

மனை நீளம் போதாமல் ஒட்டித்தான் கட்ட வேண்டும் என்றால், இரண்டு சுவருக்கும் நடுவில் ஓர் அங்குலம் இடைவெளி கட்டாயம். பழைய அஸ்திவாரம் இறங்கி அடங்கிவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் சிமெண்ட்டால் ஒட்டினால் ஒன்று மற்றதை இழுத்துப் பிளக்கும். இடைவெளியில் சுருங்கி விரியும் அட்டையை வைத்து, மேலே தகரத்தை மடித்து மூடுங்கள். தகரத்தின் ஒரு விளிம்பு மட்டும் சுவரோடு பிடிபட்டிருக்கட்டும். மறுவிளிம்பு நழுவ வேண்டும்.

குழி தோண்டும் இடத்தில் மண்ணைப் பாருங்கள். செம்மண்ணுக்குக் கீழே சுக்கானோ சிதைந்த பாறையோ தட்டினால் அஸ்திவாரத்துக்கு நல்லது. கரிசல் தட்டுப்பட்டால் அது வெயிலில் பிளந்து மழையில் உப்பும். அதைத் தாண்டி உறுதியான தளம் வரை போக வேண்டும். பழைய அஸ்திவாரத்தை ஒட்டி அதைவிட ஆழமாக நீளக் குழி வெட்டுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. அடிமண் சரிந்து, நிற்கிற சுவர் ஒரே இரவில் சாயும். தூண் குழிகளைப் பழைய சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள். சுவரை நெருங்க வேண்டிய பகுதியை உத்திரத்தை நீட்டித் தாங்குங்கள். மாசி, பங்குனியில் தோண்டுங்கள். ஒரு குழியை நிரப்பிய பிறகே அடுத்தது.

கான்கிரீட்டில் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இந்தியத் தரக்குறியீடு 456 சொல்லும் குறைந்தபட்சத் தரம் எம் 20. தோராயக் கலவையில் ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது. கொட்ட வசதியாக இருக்கும் என்று குழாயைத் திறந்துவிடும் பழக்கத்தை நேரில் நின்று தடுங்கள். இரண்டாவது, அந்தத் தண்ணீர். இங்குள்ள ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் உப்பு. அதே தரக்குறியீட்டின்படி கம்பி போட்ட வேலைக்கு லிட்டரில் 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. திண்டுக்கல்லில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் நீரைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். மூன்றாவது, நீராற்றல். கடைகளில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்ட். வறண்ட காற்றில் 14 நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தூணில் சாக்குச் சுற்றி நனையுங்கள். பதினைந்து அடிக்குக் குறைந்த தளத்துக்கு முட்டு குறைந்தது ஏழு நாளும், உத்திரத்துக்குப் பதினான்கு நாளும், சாம்பல் கலந்த சிமெண்ட்டில் இன்னும் கூடுதலாகவும் நிற்கட்டும். சென்ட்ரிங் வாடகை ஓடுகிறது என்பதற்காக முன்னால் பிரிக்கவே கூடாது.

கூரையில் பிரித்த சீமை ஓடு மிஞ்சினால் பின்கட்டுத் தளத்துக்கு உதவும். கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய முறை இது. தளத்தின் கீழ்ப்பாதியில் கம்பிகளுக்கு நடுவே ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட் கொட்டுவார்கள். ஓடு இருக்கும் இடத்தில் கான்கிரீட் மிச்சம், தளம் இலேசாகிறது, உள்ளே சூடும் குறைகிறது. கம்பிக் கணக்கைப் பொறியாளர்தான் போட வேண்டும்.

கழிப்பறையைப் பின்கட்டிலேயே, அம்மா படுக்கும் அறையை ஒட்டி வையுங்கள். கதவு அகலம் இரண்டே முக்கால் அடிக்குக் குறையாமல், வாசற்படி இல்லாமல், வெளிப்பக்கம் திறக்கும்படி அமையுங்கள். உள்ளே விழுந்தவரை அப்போதுதான் வெளியிலிருந்து தூக்க முடியும். கைப்பிடிக் கம்பிக்கு இடம் இப்போதே விடுங்கள். மலத்தொட்டியிலிருந்து வரும் நீருக்கு உறைகிணறு இறக்கும் முன் ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பாறை இருக்கும் இடத்தில் உறிஞ்சாது. உறிஞ்சினாலும் பாறை இடுக்கு வழியாகக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். குடிநீர்க் கிணற்றுக்கும் அதற்கும் குறைந்தது 18 மீட்டர் வேண்டும். பாறை நிலத்தில் இன்னும் தள்ளி இருப்பதே பாதுகாப்பு.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். சட்டத்துக்காக ஒரு குழாயைச் சொருகி நிறுத்திவிடாதீர்கள். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 2,300 லிட்டருக்கு மேல் விழுகிறது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் இது சிறிய அளவா? முதல் மழையைக் கழித்துவிட்டு, நடுமுற்றத்தின் அடியில் ஒரு தொட்டியில் பிடியுங்கள். நிரம்பி வழிவது கிணற்றுக்குப் போகட்டும்.

பழைய வீட்டின் மின்கம்பிகளை அரைகுறையாக ஒட்டுப்போட்டுப் பின்கட்டுக்கு இழுக்க வேண்டாம். மரப்பட்டியில் ஓடும் பழைய வயரை முழுதாக மாற்றி, இரண்டு கட்டுக்கும் தனித்தனி எம்.சி.பி., பொதுவாக 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் ஒன்று, புது எர்த் குழி ஒன்று என்று அமையுங்கள். ஈரச்சுவர் வீட்டில் அந்தத் தடுப்பானுக்குச் செலவழிக்க யோசிக்கவே கூடாது.

குழாயும் வயரும் சுவருக்குள் போனபின், பூச்சு வேலைக்கு முன்பாக, ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவை விரித்துப் பிடித்துப் படம் எடுங்கள். தரைக்கு அடியில் போகும் கழிவுக் குழாயின் வளைவையும் அதன் ஆழத்தையும் ஒரு தாளில் வரைந்து, கட்டட அனுமதியோடும் பத்திர நகலோடும் ஒரே உறையில் வையுங்கள். அடுத்து இந்தச் சுவரில் துளை போடப்போவது வேறொரு ஆளாக இருக்கலாம். எந்த இடத்தில் போடக் கூடாது என்று அந்தத் தாள் அவருக்குச் சொல்லிவிடும்.